தடித்த எண்ணெயும் தளர்ந்த எஞ்சினும்

எஞ்சின் ஒயில் எவ்வளவு தடிப்போ அவ்வளவு பாதுகாப்பு என்பது நம் மலைநாட்டுச் சாரதிகளிடையே ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. கொட்டகலைக் கடைத்தெருவில் வாடகைக்கு நிற்கும் வாகனங்களின் சொந்தக்காரரிடம் வினவிப் பார்த்தால், அவருட் பெரும்பாலோர் ‘இருபது ஐம்பது’ என்றே விடை கூறுவர். முச்சக்கர வண்டிக்கும் அதுவே. முப்பது ஆண்டுகள் உழைத்துக் களைத்த வானுக்கும் அதுவே. ஜப்பானிலிருந்து வந்திறங்கிய சின்னஞ்சிறு காருக்கும் அதுவே. “தண்ணி மாதிரி ஒயில ஊத்தினா ஏத்தத்துல எஞ்சின் என்னத்துக்கு ஆகும், மாஸ்டர்?” என்று அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அவர் குரலில் ஐயம் இல்லை. நம்முடைய அறியாமையைக் குறித்த இரக்கமே இருந்தது.

அக்கேள்வி எள்ளி நகையாடத் தக்கதன்று. அவர் நாள்தோறும் ஓட்டும் பாதையைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். அவிசாவளையிலிருந்து புறப்படும் ஏ-7 நெடுஞ்சாலை கித்துல்கலையைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் என வளைந்து வளைந்து ஏறிக் கொட்டகலையை அடையும்போது நாம் கடல்மட்டத்திற்கு மேல் 1,200 மீற்றரைத் தாண்டிவிடுகிறோம். அதன்பின்னும் ஏற்றம் ஓய்வதில்லை. தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாக 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா வரை அது தொடர்கிறது. ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு இரண்டாம் கியரில் முக்கி முனகி ஏறும் எஞ்சினைக் கேட்பவனுக்கு, அதற்கு ஏதேனும் ‘கனமான’ ஊட்டம் கொடுக்கவேண்டும் என்று தோன்றுவது இயல்பே.

அன்றியும், இன்றைய நிலையில் எஞ்சின் ஒன்று கெடுவது விளையாட்டுக் காரியமன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிற்றான் தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாட்டில் இருந்த வாகனங்களே உழைத்தன, தேய்ந்தன, ஆயினும் விலையில் மட்டும் ஏறின. கதவு திறந்த பின்னரும் வரிச்சுமை சாதாரணக் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆதலின், கையிலுள்ள காரை இன்னும் பத்து ஆண்டுகள் காப்பாற்றுவது எவ்வாறு என்பதே பல வீடுகளின் கவலை. அந்தக் கவலையிலிருந்துதான் தடித்த எண்ணெயின் மீதுள்ள பக்தியும் பிறக்கிறது.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பத்திரிகைகள் நிலத்தடியிலிருந்து தோண்டியெடுக்கும் எண்ணெயை ‘மசகு எண்ணெய்’ என்று எழுதிப் பழகிவிட்டன. மசகு என்பதோ மாட்டுவண்டியின் அச்சிலே பூசும் கரிய மை. வைக்கோற் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து நம் முன்னோர் அதனைச் செய்தனர். ஆகவே அச்சொல்லுக்கு நேரான உரிமை எஞ்சின் ஒயிலுக்கே உண்டு. வண்டி மையைப் பொறுத்தவரை தடிப்பு நல்லதுதான். வழிந்தோடாமல் அச்சில் ஒட்டிக்கொண்டு கிடக்கவேண்டும் அல்லவா? நம்மவர் மனத்தில் இன்னமும் அந்த மாட்டுவண்டி அச்சே சுழன்றுகொண்டிருக்கிறது போலும். ஆனால் மோட்டார் எஞ்சினில் எண்ணெய் செய்யும் வேலை வேறு. அங்கே அது ஒட்டிக் கிடப்பதில்லை, ஓடுகிறது.

அது எவ்வாறு என்பதை முதலில் வெளிப்படுத்தியது ஒரு மர அடைப்பு. இங்கிலாந்தில் பொச்சம் டவர் என்னும் பொறியியலாளர் 1880களின் தொடக்கத்தில் புகையிரத அச்சுகளைத் தாங்கும் தாங்கிகளை, அதாவது நாம் பேரிங் என்று சொல்வதனை, ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சுச் சுழலத் தொடங்கியதும் எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாகத் துளை வழியே மேலே பொங்கியது. ஒரு மரக்கட்டையால் அத்துளையை அடைத்தார்; கட்டை மெல்ல வெளியே தள்ளப்பட்டது. சுழலும் அச்சுத் தானே எண்ணெயை இடைவெளிக்குள் இழுத்துச் சென்று, தன் முழுப் பாரத்தையும் தாங்கக்கூடிய அழுத்தத்தை அங்கே உண்டாக்குகிறது என்பது அப்போதுதான் விளங்கிற்று. 1886இல் ஒஸ்போர்ண் ரெனால்ட்ஸ் அதற்குரிய கணிதத்தை வகுத்துத் தந்தார். உயர்தர வகுப்பில் பாய்மங்களைக் கற்கும் மாணவர் ‘ரெனால்ட்ஸ் எண்’ என்று மனப்பாடம் செய்வது இவருடைய பெயரையே.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது இது. நன்கு ஓடும் எஞ்சினில் இரும்பும் இரும்பும் தொடுவதேயில்லை. கிராங்க் தண்டு தலைமயிரின் தடிப்பினும் குறுகிய இடைவெளியில் எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்துகொண்டு சுழல்கிறது. அந்தப் படலத்திற்குக் கொஞ்சம் தடிப்பு வேண்டும் என்பது உண்மையே. தண்ணீரை ஊற்றினால் படலம் கிழிந்துபோம். ஆனால் தடிப்பு மட்டும் போதாது. சுழற்சி தொடங்கும் கணத்திலேயே எண்ணெய் அங்கே வந்து சேர்ந்திருக்கவும் வேண்டும். வந்த பின் அங்கு பிறக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு விரைந்து வெளியேறவும் வேண்டும். தேவைக்கு மிஞ்சிய தடிப்புள்ள எண்ணெய் முதலாவதில் பிந்துகிறது, இரண்டாவதில் சோம்புகிறது. போதாக்குறைக்கு, தன்னைத் தானே கடைந்துகொள்வதனால் மேலும் சூட்டை உண்டாக்குகிறது.

மலைநாட்டு இல்லத்தரசிகளுக்கு இதனை விளக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. மார்கழி, தை மாதத்து விடியலில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. அடுப்போரம் வைத்தோ வெந்நீரில் அமிழ்த்தியோதான் தலைக்குத் தேய்க்கவேண்டும். எஞ்சின் ஒயில் அவ்வாறு உறைந்துபோவதில்லை என்பது உண்மையே. எனினும் குளிர் அதனையும் மந்தமாக்குகிறது. இந்த மந்தத்தையே பௌதிக நூல்கள் பிசுக்குமை என்று குறிக்கின்றன.

இனித் தகரத்தில் அச்சிட்டிருக்கும் எண்களுக்கு வருவோம். 1905இல் நிறுவப்பட்ட அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம், அதாவது எஸ்.ஏ.ஈ., 1911இலேயே எண்ணெய்களைப் பிசுக்குமைப்படி வகுக்கத் தொடங்கியது. ‘20டபிள்யூ-50’ என்பதிலுள்ள ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதனைப் பாரத்தின் அளவு என்று எண்ணுவோரும் நம்மிடையே உளர், அது தவறு. அதற்கு முன்னுள்ள எண், குளிரில் எண்ணெய் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கூறுகிறது. பின்னுள்ள எண், 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதன் தடிப்பைக் காட்டுகிறது. 50 எனப்படுவது அவ்வெப்பத்தில் 16.3 முதல் 21.9 வரை சென்ரிஸ்டோக் அளவுள்ளதாக இருக்கவேண்டும். 20 எனப்படுவது 6.9 முதல் 9.3 வரை. குளிருக்கான எண்ணோ பூச்சியத்திற்கும் பல பாகை கீழே செய்யப்படும் சோதனைகளாற் பெறப்படுவது. 20டபிள்யூ என்பதற்கு எஞ்சின் முடுக்கச் சோதனை பூச்சியத்திற்குக் கீழ் 15 பாகையில். 0டபிள்யூ என்பதற்குக் கீழ் 35 பாகையில்.

“நுவரெலியாவில் உறைபனி விழுந்தாலும் அத்தகைய குளிர் இங்கு வருவதில்லையே! பிறகு அந்த எண் நமக்கு எதற்கு?” என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. 20டபிள்யூ-50 ஊற்றிய கார் கொட்டகலையில் காலையில் கிளம்பாமற்போவதில்லை. கிளம்பும், அதனாற்றான் ஒரு குறையும் இல்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் 15 பாகைக் குளிரில் சாதாரண 20டபிள்யூ-50 எண்ணெய், 0டபிள்யூ-20 எண்ணெயைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்து மடங்குக்கும் மேல் மந்தமானது. எஞ்சின் நன்கு சூடேறிய பின் அந்த வேறுபாடு இரண்டு மடங்கு அளவிற்குக் குறைந்துவிடுகிறது. நம்மவர் அஞ்சுவது ஏற்றத்தின் சூட்டுக்கு. உண்மையான இடர் நிற்பதோ விடியற்காலையின் முதல் நிமிடத்தில்.

அந்த முதல் நிமிடத்தில் உள்ளே நிகழ்வதையும் பார்ப்போம். பம்பு தடித்த எண்ணெயை உறிஞ்சித் தள்ள முயல்கிறது. குறுகிய வழிகளில் அது எளிதிற் செல்லாமையால் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் எல்லை மீறியதும் அதனைத் தணிக்கும் வால்வு திறந்து, எண்ணெயின் ஒரு பகுதியைப் போகவேண்டிய இடத்திற்கு அனுப்பாமல் அடித்தொட்டிக்கே திருப்பிவிடுகிறது. வடிகட்டியிலும் இவ்வாறே ஒரு மாற்றுவழி திறக்கக்கூடும். அப்போது வடிகட்டப்படாத எண்ணெயே பேரிங்குகளைச் சென்றடையும். அழுத்தமானியின் முள் மேலே நிற்பதைக் கண்டு சாரதி மகிழ்கிறார். அழுத்தம் என்பது ஓட்டத்திற்கு எதிரான தடையையும் காட்டும் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

பாடசாலைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் கார்களுக்கு இது இன்னும் பொருந்தும். கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்குச் சில கிலோமீற்றர் தூரமே. அதற்குள் ரேடியேற்றர் தண்ணீர் சூடேறிவிடும். எண்ணெய் அத்துணை விரைவிற் சூடேறாது. காலையிற் குளிரிற் கிளம்பி, எண்ணெய் தன் நிலைக்கு வருமுன் நின்று, நண்பகலில் மறுபடியும் அவ்வாறே கிளம்பும் கார், தன் ஆயுளின் பெரும்பகுதியைத் தடித்த எண்ணெயின் தடித்த நிலையிலேயே கழிக்கிறது. மின்கலமும் பெற்றோலும் சேர்ந்து இயக்கும் கலப்பினக் கார்களோ இறக்கத்தில் எஞ்சினையே நிறுத்திவிடும். நுவரெலியாவிலிருந்து இறங்கிவரும்போது அவற்றின் எண்ணெய் ஆறிக்கொண்டே வருகிறது. மேலும், இக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றியமைப்பதே எண்ணெயின் அழுத்தந்தான். எண்ணெய் அங்கே மசகு மட்டுமன்று, வேலையாளுங்கூட. அவ்வேலையாள் மந்தமானால் வால்வுகள் காலந்தவறும். முகப்பில் மஞ்சள் விளக்கு எரியவும் கூடும். கராஜில் அதற்கு ஆயிரம் காரணம் தேடுவர். எண்ணெயை நினைப்பவர் அரியர்.

பெற்றோற் செலவும் கூடும். சில விழுக்காடுதான், எனினும் 2022 ஜூனில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறிய நாள்களைக் கண்டவர்கள் அந்தச் சில விழுக்காட்டை அற்பம் என்று தள்ளமாட்டார்கள்.

இவ்வளவும் கூறியபின், மறுபக்கத்தை மறைப்பது நேர்மையன்று. மெல்லிய எண்ணெய் பரவியதற்கு எஞ்சினின் நலன் மட்டுமே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். எரிபொருட் சிக்கனம் பற்றிய அமெரிக்கச் சட்டங்களின் நெருக்குதலில், 2001ஆம் ஆண்டு வாகனங்களோடு போர்ட், ஹொண்டா ஆகிய இரு கம்பனிகளும் 5டபிள்யூ-20க்கு மாறின; பின்னர் அது 0டபிள்யூ-20 ஆகி, இன்று 0டபிள்யூ-16 வரை வந்துவிட்டது. ஒரே எஞ்சினுக்கு ஒரு நாட்டுக் கைந்நூலில் ஓர் எண்ணும், மற்றொரு நாட்டுக் கைந்நூலில் வேறு எண்களும் இருப்பதுண்டு. டொயோட்டாக் கம்பனியின் கைந்நூல்களே, மிகுந்த வேகத்திலோ கடும் பாரத்துடனோ ஓட்டப்படும் வாகனத்திற்குப் பின்னெண் கூடிய எண்ணெய் அதிகம் பொருந்தலாம் என்று கூறுகின்றன. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு நாள் முழுதும் மலையேறும் வாகனம் கடும் பாரத்தில் ஓடுவதன்றி வேறென்ன? ஆகவே நம் அன்பரின் உள்ளுணர்வு முழுப் பொய்யன்று. ஆனால் அந்தக் கைந்நூல் கருதுவது ஒரு படி மேலேறுவதை, 20இலிருந்து 30க்கு. நம்மவரோ 20இலிருந்து 50க்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்கின்றனர்.

தேய்ந்த எஞ்சின்களின் கதை வேறு. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட மொரிஸ் மைனர் கார்கள் நம் நாட்டில் இன்றும் ஓடுகின்றன. அவற்றுக்கு 20டபிள்யூ-50 தகுந்ததே. காற்றாற் குளிரும் நான்கு வீச்சு முச்சக்கர வண்டிக்கும் பெரும்பாலும் அதுவே உரியது. வளையங்கள் தேய்ந்து, புகைக்குழாயில் நீலப்புகை விட்டு, இரு மாதத்திற்கு ஒரு லீற்றர் எண்ணெய் குடிக்கும் வானுக்கு ஒரு படி தடித்த எண்ணெய் ஊற்றினால் குடிப்பது குறையும். தட்டும் ஓசையும் அடங்கும். இதனை நாம் குறைகூறோம். ஆனால் ஊன்றுகோலை மருந்து என்று கருதலாகாது. ஓசை அடங்கியதால் தேய்வு நின்றுவிடவில்லை. அழுத்தம் உயர்ந்ததால், எச்சரிக்க வேண்டிய சிவப்பு விளக்கு பேரிங் முற்றும் தேயும் வரை வாய்மூடி இருக்கவும் கூடும். அந்த வானை விற்கும் தரகர்கள் இதனை நன்கறிவர். பழைய வாகனம் வாங்கப்போகும் அன்பர்கள், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது சென்று, அளவுகோலை இழுத்து, சொட்டும் எண்ணெய் எவ்வளவு தயங்கி விழுகிறது என்று பார்ப்பது நலம்.

உள்ளதைச் சொன்னால், இந்த நம்பிக்கைக்குப் பின்னால் விலையும் ஒளிந்து நிற்கிறது. 0டபிள்யூ-20 செயற்கை முறையில் ஆக்கப்படும் எண்ணெய். சாதாரணக் கனிய எண்ணெயான 20டபிள்யூ-50ஐ விடக் கணிசமாக விலை கூடியது. வாகனத்திற்கான தவணைப் பணமும் பிள்ளைகளின் ரியூசன் கட்டணமும் ஒரே வாரத்தில் வரும் வீட்டில், மலிந்ததே சிறந்தது என்று கேட்பது காதுக்கு இனிதாகத்தானே இருக்கும்? எவரையும் இதற்காக நோவதற்கில்லை. ஆயினும் இரண்டுக்கும் நடுவே வழி உண்டு என்பதைப் பலர் அறியார். இத்தகைய கார்கள் பலவற்றின் கைந்நூல் அட்டவணையில் 0டபிள்யூ-20உடன் 5டபிள்யூ-30, சிலவற்றில் 10டபிள்யூ-30 கூட அனுமதிக்கப்பட்டிருக்கும். அவை விலையில் எட்டக்கூடியன. நம் ஏற்றத்திற்கும் போதுமானவை. விடியற்குளிரிலும் 20டபிள்யூ-50 போல் மந்தமாவதில்லை.

“கைந்நூல் ஜப்பானிய மொழியில் அல்லவா இருக்கிறது?” என்பர். ஆம், ஜப்பானில் ஓடிப் பின் இங்கு வந்த கார்களில் அதுவே நிலை. அதனாற்றான் அந்நூல் பெட்டியைவிட்டு வெளியே வருவதேயில்லை. ஆனால் மொழி தெரியாவிடினும் எண்கள் தெரியுமே! கடைசிப் பக்கங்களில் எண்ணெய் அட்டவணையிலுள்ள 0-20, 5-30 என்னும் எண்கள் நாம் அறிந்த அதே எண்களே. வீட்டில் ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்திற் கண்டுபிடித்துவிடும். அதுவும் வேண்டாமெனில் எஞ்சின் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியிலேயே பல கார்களில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். சேர்விஸ் செய்யும் இடத்தில், பீப்பாயிலிருந்து ஊற்றப்போகும் பையனிடம் அந்த மூடியைக் காட்டி, “தம்பி, இதுதானே?” என்று கேட்பதில் வெட்கமொன்றுமில்லை.

எண்ணைப் பற்றி இத்துணை வாதிடும் நாம் அளவை மறக்கலாகாது. பொருத்தமான எண்ணெய் பாதியளவு இருப்பதைவிடப் பொருத்தமற்ற எண்ணெய் முழு அளவு இருப்பது எவ்வளவோ மேல். வாரத்திற்கு ஒரு முறை சமதரையில் நிறுத்தி அளவுகோலைப் பார்த்துவிடுவதே எந்த எண்ணெயினும் சிறந்த காப்பு. டீசல் எஞ்சினில் எண்ணெய் விரைவிற் கறுப்பது கண்டு அஞ்சவும் வேண்டா. கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வது அதன் கடமை. கழித்த எண்ணெயைக் காணில் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து தவிர்க்கவேண்டும். நம் ஓடைகள் கொத்மலை ஓயாவிற் சென்று சேர்கின்றன. அது மகாவலியிற் சேர்கிறது.

காருக்கு வாங்கிய எண்ணெயில் மிஞ்சியதை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றலாமா என்று கேட்டிருந்த மாணவருக்கு: வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச் அதே எண்ணெயில் நனைந்துகொண்டே வேலை செய்கிறது. கார் எண்ணெய்களிற் சிலவற்றில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்கள் கிளச்சை வழுக்கச் செய்துவிடும். தகரத்தில் ‘ஜாஸோ எம்.ஏ.’ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குக.